பொறுக்காத சலப்பையோடு வாழ்தல்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பாடசாலை மண்டபத்தில் நடந்த பெண்கள் சுகநலக் கருத்தமர்வில், ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



செயலாளர் என்னை அழைத்து, "நூற்றாண்டுக்கு ஒரு சுகநலப் பேச்சு வேணும், சலரோகமா, மார்புப் புற்றுநோயா, எது உங்களுக்கு வசதி?" என்று கேட்டார். இரண்டும் அவசியமான விடயங்கள். இரண்டைப் பற்றியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து அடிக்கடி பேசுகிறார்கள். நான் சலப்பையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதை நிகழ்ச்சி நிரலில் எப்படிப் போடுறது?" என்று கேட்டார். என்ன போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் கையில் உள்ள தாளில் பாருங்கள்: "பெண்களின் சுகநலம்". அதில் பிழையில்லை. ஆனால் இந்தக் கூச்சம்தான் நான் இன்றைக்குப் பேச வந்ததற்குக் காரணம்.

எங்களோடு படித்தவர்களில் சிலர் இன்றைக்கு வரவில்லை. காலில் வருத்தம், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, வெயில் என்று காரணம் சொல்லியிருப்பார்கள். அவற்றில் சில உண்மையாக இருக்கும். ஆனால் தாதியாக வேலை செய்த காலத்தில் நான் கேட்ட கதைகளை வைத்துச் சொல்கிறேன், இப்படிப்பட்ட காரணங்களுக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருப்பது உண்டு. நானாட்டான் பக்கத்தில் ஒரு அக்கா, சொந்தத் தமக்கையின் செத்தவீட்டுக்கே போகவில்லை. உறவெல்லாம் கோபம். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் இருக்க அவருக்குப் பயம், அங்கே போனால் யார் வீட்டில் மலசலகூடம் கேட்பது என்று பயம். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கோபக்காரி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு இருந்தார்.

இந்த வருத்தத்தை வைத்தியர்கள் ஓவர் அக்டிவ் பிளாடர் என்பார்கள். புத்தகத் தமிழில் மிகை இயக்கச் சலப்பை என்று எழுதலாம். நான் பொறுக்காத சலப்பை என்றே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதன் குணம் அதுதான். சலம் வருகிறது என்று தெரிந்த அடுத்த நிமிடமே போயாக வேண்டும், அடக்க இயலாது. இந்தத் திடீர் அவசரம்தான் முதல் அறிகுறி. அதோடு பகலில் எட்டுத் தரத்துக்கு மேல் போவதும், இரவில் எழும்பி எழும்பிப் போவதும் சேர்ந்து வரும். சிலருக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே உடுப்பு நனைந்துவிடும், சிலருக்கு நனையாது. நனையாவிட்டாலும் அது இந்த வருத்தம்தான். சர்வதேச அளவில் 2002 இல் வகுத்த வரைவிலக்கணமும் இதைத்தான் சொல்கிறது.

இருமும்போது, தும்மும்போது, நெல்லு மூட்டையைத் தூக்கும்போது கொஞ்சம் கசிவது வேறு. அது அடித்தளத் தசை தளர்ந்ததால் வருவது. பிள்ளை பெற்ற எங்களில் பலருக்கு இரண்டும் கலந்து இருக்கும். வைத்தியரிடம் போகும்போது எது எப்போது நடக்கிறது என்று பிரித்துச் சொன்னால் வைத்தியம் சரியாக அமையும்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கட்டுக்கரைக்குளத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், பலர் அதன் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் இன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணையில் மறித்துத் திருப்பி, வாய்க்கால் வழியாகக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளம் நிறைகிறவரை துருசு பூட்டியிருக்கும். எப்போது திறப்பது, யாருடைய வயலுக்கு எத்தனை நாள் என்பதைச் சிறுபோகக் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். குளமே நினைத்துத் தண்ணீர் விடுவதில்லை.

உடம்பிலும் அப்படித்தான். இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் அளவில் சலத்தை உண்டாக்கிச் சலப்பைக்கு அனுப்புகின்றன. 150, 200 மில்லிலீற்றர் சேரும்போது, "கொஞ்சம் சேர்ந்திருக்கு" என்று மூளைக்கு ஒரு செய்தி போகும். மூளை, "இப்ப வேண்டாம், பாடம் முடியட்டும்" என்று பதில் அனுப்பும். 400 மில்லிலீற்றர் வரை சுகமாகப் பிடிக்கலாம். பொறுக்காத சலப்பையில், குளத்தில் கால்வாசி சேருவதற்கு முன்னமே வான் பாயப்போகிறது என்று கூக்குரல் கேட்கும். ஆனால் குளத்துக்கும் சலப்பைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குளத்தின் அணைக்கட்டு மண்ணும் கல்லும், அது அசையாது. சலப்பையின் சுவர் தசையால் ஆனது. மூளை உத்தரவு கொடுக்காத நேரத்தில் அந்தத் தசை தானாகச் சுருங்குவதால்தான் அந்த அவசரம் வருகிறது. ஆகவே தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம் என்று நினைத்துத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதால் பிரச்சினை தீராது. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது? கனடா, ஜேர்மனி, இத்தாலி, சுவீடன், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளில் 19,165 பேரிடம் விசாரித்த ஒரு பெரிய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.8 வீதமானோருக்கு இது இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்த மண்டபத்தில் 200 கதிரை போட்டிருக்கிறார்கள். அதே வீதத்தை இங்கே வைத்தால் இருபதுக்கு மேற்பட்டவர்கள். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். கடைசி வரிசைக் கதிரைகள் முதலில் நிறைந்ததை மட்டும் நான் கவனித்தேன். பூசையிலும் கடைசி வாங்கில்தான் முதலில் நிறையும்.

பலர் இதை வயசு என்று விட்டுவிடுகிறார்கள். வயது போகப் போக இது கூடும் என்பது உண்மை. மாதவிடாய் நின்றபின் அந்தப் பகுதித் தோலும் சவ்வும் மெலிவதும் ஒரு காரணம். ஆனால் வயதுக்கு இது கட்டாயம் வரவேண்டிய ஒன்று என்று கிடையாது. எண்பது வயதிலும் மூன்று மணித்தியாலம் நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு, முப்பத்தைந்து வயதில் இந்த வருத்தத்தோடு வந்தவர்களும் உண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் இது எங்கள் மண்ணுக்கே உரியது. இங்கே இருக்கிற ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை இடப்பெயர்வைக் கண்டவர்கள்! 1990 க்குப் பிறகு மடுவிலும் பேசாலையிலும் முகாம்களில் இருந்தோம். அதே ஆண்டு ஒக்ரோபரில் எங்கள் முஸ்லிம் தோழிகள் ஊரைவிட்டே போகவேண்டி வந்தது. பிறகு 2008 இல் அடம்பன், மடுப் பக்கத்துச் சனம் வன்னிக்குள் போய், முள்ளிவாய்க்கால் வரை நடந்து, 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் வந்து நின்றது. அங்கே வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரவில் வெளியே போகப் பயந்து பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். பகலில் வரிசை குறைவாக இருந்தால், வந்தாலும் வராவிட்டாலும் போய்விட்டு வந்தோம். "கண்ட இடத்தில போயிட்டு வா பிள்ளை, பிறகு கிடைக்குமோ தெரியாது" என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். அந்த நேரத்தில் அது புத்தியான வேலை. ஆனால் முகாம் மூடி வீட்டுக்கு வந்து, வீட்டுக்குள்ளேயே மலசலகூடம் கட்டின பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெளிக்கிட முன்னம் ஒருக்கால், செருப்பைப் போட்டபிறகு இன்னொருக்கால். 80, 100 மில்லிலீற்றருக்கே ஓடி ஓடிப் போனால் சலப்பை அந்த அளவுக்கே பழகிவிடும். அந்தப் பழக்கம் ஒன்றுதான் வருத்தத்தைத் தந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வைத்தியத்தில் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான்.

வைத்தியத்துக்குப் போக முன்னம், வேறு வருத்தம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சலம் கூடப் போகும். சலத்தில் கிருமி இருந்தால் எரிவோடு அவசரமும் வரும். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தாலும், மலச்சிக்கல் இருந்தாலும் சலப்பை நெருக்கப்படும். பிரஷருக்கும் இருதயத்துக்கும் தரும் சலம் போகும் குளிசையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே சலப் பரிசோதனை, இரத்தத்தில் சீனி, வயிற்றுச் சோதனை, இவை முதலில். இதற்குப் பெரிய செலவில்லை. சுகவனிதையர் கிளினிக் என்று 1996 இலிருந்து நடக்கிறது, 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்றே. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே குடும்பநல உத்தியோகத்தரிடம் காதோடு காதாகவாவது சொல்லுங்கள். சலத்தில் இரத்தம் கண்டால், நோவே இல்லாமல் ஒரேயொரு தரம் என்றாலும், தாமதிக்க வேண்டாம். கால் திடீரென்று விறைத்துச் சலமும் கட்டுப்படாமல் போனால், அல்லது சலம் போகவே முடியாமல் வயிறு வீங்கினால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை அவசரம் வரும்போதும் மருந்துக்கடையில் "சலக்கிருமிக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்டு அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடுவது. கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் போடுகிற குளிசை சலப்பையை அமைதிப்படுத்தாது. உண்மையாகக் கிருமி வருகிற நாளில் அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

சரி, வேறு ஒன்றும் இல்லை, பொறுக்காத சலப்பைதான் என்று தெரிந்துவிட்டது. முதல் வைத்தியம் ஒரு கொப்பித் தாளும் ஒரு பேனையும் அளவு குறித்த ஒரு பிளாஸ்ரிக் கோப்பையும்தான். மூன்று நாளுக்கு, எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, அவசரம் இருந்ததா, நனைந்ததா என்று எழுதுங்கள். ஒரு நாள் வேலை நாளாகவும் ஒரு நாள் வீட்டில் நிற்கிற நாளாகவும் இருந்தால் நல்லது. அளப்பது அருவருப்பு என்பார்கள். பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் என்னென்ன கழுவினோம், இது என்ன பெரிய விடயம்? மூன்றாம் நாள் முடிவில் அந்தத் தாளை நீங்களே வாசித்துப் பாருங்கள். "நாள் முழுக்கப் போறேன்" என்று சொன்னவர் பதினொரு தரம் போயிருப்பார், அதில் ஐந்து தரம் வெறும் பயத்தில் போனது என்று தெரியவரும். எட்டுத் தரம் தேத்தண்ணி குடித்தது தெரியவரும். வைத்தியருக்கும் இந்தத் தாளைக் காட்டினால், ஐந்து நிமிடக் கிளினிக்கில் அரை மணித்தியாலத்தின் வேலை நடக்கும்.

அடுத்தது பழக்குதல். தாளில் பார்த்தால் நீங்கள் சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்று தெரியும். ஒரு மணித்தியாலம் என்று வைப்போம். முதல் வாரம், வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மட்டும் போங்கள், இடையில் போகாதீர்கள். அடுத்த வாரம் ஒன்றே கால் மணித்தியாலம், அதற்கடுத்த வாரம் ஒன்றரை. இப்படிக் கால் கால் மணித்தியாலமாகக் கூட்டி, மூன்று மணித்தியாலம் வரை கொண்டுபோகலாம். ஒரு வாரத்தில் முடியாவிட்டால் அதே அளவில் இன்னொரு வாரம் நில்லுங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்யவேண்டும். இரண்டு வாரத்தில் "சரிவரவில்லை" என்று விட்டவர்களே கூட. இரவில் பழக்கத் தேவையில்லை, நித்திரைதான் முக்கியம்.

இடையில் அவசரம் வந்தால் என்ன செய்வது? இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. எங்கள் இயல்பு உடனே எழும்பி ஓடுவது. ஓடக்கூடாது. ஓடும்போது வயிறு குலுங்கும், மனம் பதறும், அவசரம் இன்னும் கூடும், கதவைத் திறக்கிற நேரம் நனையும். அவசரம் என்பது கடல் அலை மாதிரி. எழும்பும், உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். பேசாலையிலும் வங்காலையிலும் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அலை எழும்பும்போது நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் இருங்கள். காற்று வெளியேறாமல் அடக்குவது போல அடித்தளத் தசையைச் சுருக்கென்று இறுக்கி விடுங்கள், ஐந்தாறு தரம். அந்தத் தசை இறுகும்போது சலப்பைத் தசை தளரும்படி நரம்புத் தொடர்பு உண்டு. மூச்சை அடக்காதீர்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுங்கள், அல்லது ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். வடிந்தபிறகு ஆறுதலாக நடந்து போகலாம், அல்லது நேரம் இன்னும் இருந்தால் போகாமலே விடலாம். கதவுப் பூட்டில் திறப்பைப் போடும்போதும், பாத்திரம் கழுவத் தண்ணீரைத் திறக்கும்போதும் சிலருக்கு அவசரம் வரும். அந்த இரண்டு இடத்துக்கும் முன்னமே இறுக்கிக்கொண்டு போங்கள்.

இந்த அடித்தளத் தசைப் பயிற்சியை 1948 இல் ஆர்னோல்ட் கேகல் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதி வெளியிட்டார், அதனால் கேகல் பயிற்சி என்பார்கள். எட்டுத் தரம் இறுக்கி விடுவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். இறுக்கும்போது வயிறும் தொடையும் சும்மா இருக்கவேண்டும். மூக்கைச் சுளித்து வயிற்றைப் பிதுக்கினால் தசை கீழ்நோக்கித் தள்ளப்படும், அது பலனைக் கெடுக்கும். சரியாகச் செய்கிறீர்களா என்று கிளினிக்கில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சலம் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது என்று ஒரு முறை ஊரில் சொல்வார்கள். அது தசையை அடையாளம் காண ஒருதரம் பார்க்கலாம், தினமும் செய்யக்கூடாது.

குடிப்பதைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? மன்னார் வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சலம் மஞ்சளாகச் செறிந்து, சலப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். கட்டுக்கரை வயல்களில் புல்லுப் பிடுங்கவும் அருவி வெட்டவும் போகிற பெண்கள், அங்கே ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல் நிற்பது எனக்குத் தெரியும். இன்னொரு பயமும் இருக்கிறது. மதவாச்சி, வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் பரவியதைக் கேள்விப்பட்டு, அடிக்கடி சலம் போனால் அது கிட்னி வருத்தம் என்று நினைக்கிறார்கள். அந்த வருத்தம் தொடக்கத்தில் ஓர் அறிகுறியும் காட்டாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இது வேறு, அது வேறு. பயமிருந்தால் பரிசோதியுங்கள், ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒன்றரை லீற்றர், வெயிலில் வேலை என்றால் அதற்கும் மேல், நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். இருதய வருத்தத்துக்கு அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் வைத்தியர் சொன்ன அளவுதான். குறைக்கவேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும். கஃபீன் சலத்தையும் கூட்டும், சலப்பையையும் உசுப்பும். ஒரே நாளில் நிறுத்தினால் தலையிடிக்கும், ஒவ்வொன்றாகக் குறையுங்கள். "தேத்தண்ணி இல்லாமல் என்ன சீவியம்" என்று கேட்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. காலையில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பின்னேரத்து மூன்றை விடுங்கள்.

உடம்பு நிறை கூடியிருந்தால் குறைப்பதும் உதவும். 2009 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சல ஒழுக்கு இருந்த 338 பெண்களில் நிறை குறைக்கும் குழுவில் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் தங்கள் நிறையில் எட்டு வீதத்தைக் குறைத்தபோது, ஒழுக்கு 47 வீதத்தால் குறைந்தது. மற்றக் குழுவில் 28 வீதம்தான்.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் மருந்து இருக்கிறது. ஒக்சிபியூற்றினின், ரொல்ரெரோடின், சொலிஃபெனசின் என்பவை சலப்பைத் தசையின் சுருக்கத்தை அடக்கும். வாய் உலரும், மலம் இறுகும். வயது போனவர்களுக்கு மறதியைக் கூட்டலாம் என்பதால் அவர்களுக்கு வைத்தியர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். மிராபெக்ரோன் என்பது பிறகு வந்தது, வேறு வழியில் வேலை செய்யும், அதற்குப் பிரஷரைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆகவே ஐந்தாம் நாள் "ஒண்டுமில்லை" என்று நிறுத்தாதீர்கள், அயலவரின் குளிசையை வாங்கிப் போடவும் வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பூசுகிற ஈஸ்ற்றோஜன் களிம்பு உதவுவதும் உண்டு. அதற்குமேல் போனால் சலப்பைக்குள் பொட்டொக்ஸ் ஊசி போடுவதும் இருக்கிறது. அதை யூரோலொஜிஸ்ற் ஒருவர்தான் முடிவு செய்வார். மன்னார் பொது வைத்தியசாலையில் காட்டி, தேவை என்றால் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தருவார்கள். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு அதுவும் ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம்தானே.

இரவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் மலசலகூடம் வளவின் மூலையில். இருட்டு, ஈர நிலம், பாம்பு, அவசரம். 2000 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாரத்தில் ஒருமுறையாவது அவசர ஒழுக்கு இருந்த வயதான பெண்கள் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 26 வீதமும், எலும்பு முறியும் வாய்ப்பு 34 வீதமும் கூடுதலாக இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த அம்மாமாரின் கதையைக் கேட்டுப் பாருங்கள். "எத்தனை மணிக்கு விழுந்தீங்கள், எங்க போகும்போது?" என்று கேட்டால் பாதிக் கதை விளங்கும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொமட் கதிரையோ, மூடியுள்ள ஒரு சட்டியோ வைப்பதில் வெட்கமில்லை. வழியில் ஒரு சின்ன லைற், காலில் சிக்காத பாய். மகன்மார், மருமக்கள் இதைச் செய்து கொடுக்கவேண்டும், அம்மா கேட்கமாட்டார்.

இரவுச் சலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகல் முழுக்க நின்று கால் வீங்குகிறவர்களுக்கு, படுத்தவுடன் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகும். ஒரு நாள் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் இதை யோசிக்கவேண்டும். உங்கள் தாள் இதையும் காட்டும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பதைக் குறையுங்கள். சலக்குளிசையின் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம்.

வெளியில் போவதை நிறுத்தாதீர்கள். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ் எங்கே நிற்கும் என்பது சாரதியின் கையில். 1990 இல் நின்றுபோன தலைமன்னார் றெயின் 2015 இல் திரும்ப வந்ததில் எங்களுக்குப் பெரிய நன்மை, பெட்டியில் மலசலகூடம் இருக்கிறது, நடைபாதைப் பக்கத்து ஆசனமாகப் பார்த்து எடுங்கள். மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒரு மேலதிக உடுப்பும் பொலித்தீன் பையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்ப் பாட் சலத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, தோல் புண்ணாகும். சலத்துக்கென்று தனியாகப் பாட் இருக்கிறது, விலைதான் கூட. வீட்டில் துணி வைக்கிறவர்கள் அடிக்கடி மாற்றி, வெயிலில் காயவிடுங்கள். தொழுகைக்கு வுழூ நிற்காது என்று பள்ளிக்கும் பயானுக்கும் போகாமல் விட்ட தோழிகள் இருக்கிறார்கள். தொடர்ச்சியாக ஒழுகும் வருத்தம் உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, மௌலவியின் மனைவி மூலமாவது கேட்டறியுங்கள். லண்டனில் இருக்கிற எங்கள் பழைய மாணவிகளுக்குத் தெரிந்திருக்கும், அங்கே "என்னால் பொறுக்க முடியாது" என்ற கருத்தில் ஒரு சிறு அட்டை இருக்கிறது. கடையில் அதைக் காட்டி, விளக்கம் சொல்லாமலே மலசலகூடம் கேட்கலாம். இங்கே அட்டை இல்லை, வாய்தான் இருக்கிறது. கேளுங்கள்.

கடைசியாக எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் கடமைக்குப் போன ரீச்சர்மாரைக் கேளுங்கள், வாக்குச்சாவடியில் இரவு தங்கும்போது முதலில் தேடுவது என்ன என்று. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் நிற்கிறவர்களைக் கேளுங்கள். பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள். பாடசாலைகளில் மலசலகூடம் நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்று காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை அடக்கி வைத்து, தண்ணீர்ப் போத்தலை நிரப்பினபடியே வீட்டுக்குக் கொண்டுபோகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாட நேரத்தில் கேட்டால் "இடைவேளைக்குப் போயிருக்கலாமே" என்ற பதில். எங்கள் நாற்பது வயதுக் கிளினிக்குகளின் தொடக்கம் சிலவேளை அந்த வகுப்பறைகளில்தான்.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டுவது என்று பேச்சு அடிபடுகிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு சேர்கிறது என்றும் கேள்வி. வளைவு அழகாகத்தான் இருக்கும், அதில் எங்கள் பெயரும் இருக்கும். நான் சொல்வது, முதலில் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மலசலகூடத் தொகுதி. உள்ளே தாழ்ப்பாள், தொங்கவிட ஒரு கொளுக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை, நாள் முழுக்கத் தண்ணீர், கழுவுகிற ஆளுக்கு மாதச் சம்பளம். சம்பளத்தை மறந்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். அதோடு, மண்டபத்துக்குப் பக்கத்தில் கைபிடிக் கம்பியோடு ஒரு கொமட். அது எங்களுக்கு. மிச்சக் காசு இருந்தால் வளைவைப் பார்ப்போம். நிர்வாக சபை அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், தொகுதிக்கு என்னுடைய பங்காக ஒரு மாத ஓய்வூதியம் தருகிறேன் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் எழுதுகிற தாளை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் இரண்டு எடுங்கள், மற்றதை இன்றைக்கு வராமல் விட்ட ஒருவரிடம் கொடுங்கள். கேள்வி கேட்க விருப்பமில்லாதவர்கள் துண்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் போடவேண்டாம். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு மலசலகூடம் திறந்திருக்கிறது, தண்ணீர் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது எழும்பிப் போனால் நான் பேச்சை நிறுத்தமாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.